கிணற்றுக்குள் ஐந்து பாகம்

ரசம் கரித்தது. முதல் வாய்க்கு அர்த்தநாரி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாதவன் சொல்லக்கூடாத விஷயங்களில் அதுதான் முதலாவது என்ற அளவுக்கு அவனுக்கு உலக ஞானம் இருந்தது. இரண்டாம் வாய்க்கு முகம் தன்னால் கோணிக்கொண்டது.

"நான் இன்னும் உப்பே போடலீங்க," என்றாள் பூவாத்தாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே. "காலையில சேந்துன தண்ணி. அப்பிடியே வெச்சேன்."

"அப்ப உங்கண்ணன் போட்டிருப்பாரு."

"எங்கண்ணன் எதுக்குங்க நம்மூட்டு ரசத்துல உப்புப் போடறாரு?"

எதற்கு என்று அவனுக்குத் தெரியும். மச்சான் சின்னராஜுக்கு அவன் கடற்படைக்குப் போவது பிடிக்கவில்லை. "நம்ம கெணத்தத் தாண்டி உங்கள உடமாட்டேன் மாப்ளே" என்று போன வாரம்தான் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதை எல்லாம் செய்து காட்டுகிற ஆள்.

யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம். நூல் கிடைக்காமல் சேந்தமங்கலத்துத் தறிகள் பாதிக்குமேல் தூங்கின. பி.ஏ. படித்த நெசவாளி என்கிற, எந்த வேலைக்கும் பாதி மட்டும் பொருந்துகிற தகுதியோடு அர்த்தநாரி மெட்ராஸுக்குப் போய், ரிசர்வ் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகி வந்துவிட்டான். திங்கட்கிழமை பம்பாய்க்கு ரயில். போனதும் முடிச்சு, ஆழம் பார்த்தல், கயிற்றுச் சைகை என்று அடிப்படைகளில் பரீட்சை. தேறாதவன் அடுத்த ரயிலில் ஊருக்கு. அப்படித் திரும்பி வருவதைவிடக் கடலில் மூழ்கிவிடுவது மேல் என்று அவனுக்குத் தோன்றும். மூழ்கியவனை யாரும் சந்தைக்கடையில் நிறுத்தி, "என்ன மாப்ளே, கப்பல் கவுந்துருச்சா" என்று கேட்கப்போவதில்லை.

கடலை அவன் பார்த்ததில்லை. மெட்ராஸில் அதற்கு நேரம் இருக்கவில்லை.

பார்த்தவன் அண்ணன் கைலாசம். சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் கப்பலோடு மூழ்கிப் போனவன். தந்தி மட்டும் வந்தது. அம்மா அத்தாயி அந்தத் தந்தியை நம்பவில்லை. இன்றைக்கும் கொல்லைக் கதவை அவள் தாழ் போடுவதில்லை.

ஆகவே அர்த்தநாரியின் கடற்பயிற்சி முழுவதும் வீட்டுக் கொல்லையில் நடந்தது. கயிற்றின் ஒரு முனையைப் பூவாத்தாளிடம் கொடுத்துவிட்டு, முங்கு நீச்சல்காரன் கீழிருந்து தரும் சைகைகளை மறுமுனையிலிருந்து இழுத்துக் காட்டுவான். நாலு இழுப்பு என்றால் என்னை மேலே தூக்கு. "நாலு தடவ இழுத்துப்புட்டீங்க, எங்க தூக்கறது? மாட்டுக் கொட்டாயிலயா?" என்று அவள் சிரிப்பாள். முடிச்சுகளில் ஒன்று மட்டும் அவனுக்கு வரவே இல்லை. விழுந்தவன் இடுப்பில் போட்டுத் தூக்குகிற சுருக்கு. எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகக்கூடாத சுருக்கு. அவன் போட்டால் ஒன்று இறுகும், அல்லது அவிழும்.

ஆழம் பார்க்கிற கயிற்றில் மட்டும் அவனுக்குப் பெருமை இருந்தது. இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். இரண்டாம் பாகத்தில் இரண்டு தோல் வார், மூன்றாம் பாகத்தில் மூன்று தோல் வார், ஐந்தாம் பாகத்தில் வெள்ளைத் துணி. இருட்டில் கப்பல்காரன் விரலாலோ உதட்டாலோ தொட்டே குறியைத் தெரிந்துகொள்ளவேண்டும். நெசவாளிக்கு இது ஒரு பரீட்சையா? பெட்டியில் கஞ்சி மொடமொடப்புக் குறையாத ஒரு புதுத்துணி கிடந்தது. அதில் ஒரு சாண் கிழித்துத் தறி முடிச்சாகப் போட்டுக் கட்டினான். நுனிக்கு இரும்புக் குண்டு. அடியில் ஒரு குழி வெட்டித் தரச்சொன்னபோது, "மீன் புடிக்கவா, ஆன புடிக்கவா?" என்று கேட்டார் கொல்லர். அந்தக் குழியில் கொழுப்பை அப்பி இறக்கினால், தரையில் என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொண்டு வரும். கொழுப்பு என்று சொன்னால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். மெழுகில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டான்.

கொல்லிமலையில் நல்ல மழை. கிணற்றில் சரியாக ஐந்து பாகம் தண்ணீர். குண்டு தரையைத் தொட்டதும் வெள்ளைத் துணி நீர்மட்டத்தில் நனைந்து நிற்கும். மெழுகில் எப்போதும் செஞ்சேறு வரும்.

அன்று மத்தியானம், கரித்த ரசத்தைக் குடித்துவிட்டு, சந்தேகத்தோடு குண்டை இறக்கினான். மேலே வந்த மெழுகில் மணல் இருந்தது. வெள்ளை மணல். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஒரு கிளிஞ்சல் துண்டு, நகக்கண் அளவு. நாக்கில் வைத்தான். உப்பு.

"ஓகோ," என்றான் கிணற்றைப் பார்த்து.

மச்சான் செய்த வேலைதான். நூல் வாங்க ஊர் ஊராகப் போகிறவர். ஒரு மூட்டை கடல்மணலும் ஒரு மூட்டை உப்பும் கொண்டுவருவது அவருக்குப் பெரிய காரியமில்லை. கிணறே வேண்டாமென்று சொல்கிறது என ஊரில் கதை கட்டவேண்டும், அம்மா அழவேண்டும், இவன் பெட்டியை இறக்கி வைக்கவேண்டும். மாட்டேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அன்று மாலை முழுக்க, துவைகல்லில் தண்ணீர் வழியும் ஓசையிலும், கொல்லை வேலியில் காற்று உரசும் ஓசையிலும், யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு வரும் ஓசையையே அவன் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் குண்டு தரையைத் தொடவில்லை.

வெள்ளைத் துணி நீர்மட்டத்துக்கு வந்தது. நிற்காமல் உள்ளே போனது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு கெண்டை மீன்போல வளைந்து, மங்கி, காணாமல் போனது. கையில் இருந்த கயிறு முழுவதும் ஓடி முடிந்த பின்னும் குண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. புதுக்கயிறு நீளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இவ்வளவா நீளும்? கயிற்றின் மேல்முனையை ராட்டினக் காலில் கட்டிவிட்டு அடுக்களைக்குப் போனான்.

"உங்கண்ணன் எங்க?"

"முந்தாநேத்தே சேலம் போயிட்டாருங்க. அயோத்தியாப்பட்டணத்துல சகலை ஊட்டுல கல்யாணம். ஏனுங்க?"

"கெணத்துக்கிட்ட வேற யாரு போனா?"

"நாந்தான் போனேன்." பூவாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்மேலயும் சந்தேகமாங்க? நீங்க போகவேண்டாம்னு நெனைக்கிறது நெசந்தான். அதுக்காவ கெணத்துல உப்பக் கொட்டமாட்டேன். மொகத்துக்கு நேராத்தான் சொல்லுவேன். போகாதீங்க."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் போகவில்லை. சந்தேகப்பட ஆள்தான் இல்லாமல் போனான்.

சாயங்காலம் அம்மா, ஊருக்குப் போகிறவனுக்குப் போர்வை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். பிறகு அந்த வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள், கிழிந்த ஓரம் தொங்க.

"இத யாரு கிழிச்சது?"

"நாந்தானுங்கம்மா. ஒரு சாண்தான். கயித்துல குறி வெக்கறதுக்கு."

அத்தாயி தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இது உங்கண்ணனுக்கு வந்த கோடிடா."

செத்தவர் உடம்பின்மேல் போர்த்த மாமன் வீட்டிலிருந்து வருகிற புதுத்துணி. அவன் அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தான். யாரும் சொல்லவில்லை.

"தந்தி வந்தன்னைக்கே உங்க மாமன் கொண்டாந்துட்டான். நான் போட உடலே. போத்தறதுக்கு ஆளு எங்கடா இருந்தான்? கோடி போட்டுட்டா அப்பறம் வரமாட்டான் சாமி. போடாத வெச்சிருந்தா, என்ற பையன் வந்தாலும் வருவான்னு இருந்தேன்." அவள் நிமிர்ந்தாள். "கிழிச்சத எங்க போட்ட?"

"கெணத்துல."

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தொட்டானா?"

கொல்லையில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மலை கறுத்து, வானம் மட்டும் வெளிறி, வேப்பமரத்துக் காக்கைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. அந்தத் துணியை அறுத்து எறிந்துவிடுவது என்று அர்த்தநாரி அரிவாள்மனையோடு வந்திருந்தான். அரிவாள்மனையோடு கிணற்றடிக்குப் போகிற கடற்படை அதிகாரியை நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கிணற்றிலிருந்து ஒரு வாடை வந்தது. பாசி வாடை இல்லை, சேற்று வாடை இல்லை, அவன் இதுவரை முகர்ந்திராத, அகலமான, குளிர்ந்த ஒரு வாடை. உள்ளே எங்கோ, கிணற்றுக்குள் இருக்கவே முடியாத தொலைவில், தண்ணீர் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

கயிற்றை இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. வெள்ளைத் துணி இருந்த இடம் கைக்கு வந்தது. துணி இல்லை. அரையிருட்டில் விரலால் தடவிப் பார்த்தான்.

ஒரு சுருக்கு. இறுகாத சுருக்கு. அவனுக்கு வராத அந்த முடிச்சு, வெகுநாள் கைப்பழக்கத்தோடு, அழகாகப் போடப்பட்டிருந்தது.

கயிறு ஆடியது.

ஒரு இழுப்பு.

இரண்டு.

மீன், என்று நினைத்தான். ஆமை.

மூன்று.

நாலு.

விட்டுவிடவேண்டும். விரல்களுக்குச் சொன்னான். மூன்று வாரமாகப் பழகிய கைகள் கேட்கவில்லை. நாலு இழுப்பென்றால் தூக்கவேண்டும். கைகள் தூக்கின. பாரமாக இருந்தது. ஒரு ஆளின் பாரம். இல்லை, அதற்கும் மேல்.

கீழே ஒரு குரல், ஆழம் சொல்லும் கப்பல்காரனின் ராகத்தில்.

"அஞ்சு பாகமுங்கோ..."

கைகள் இழுத்தன.

"மூணு பாகமுங்கோ..."

"ஏனுங்க," என்று அடுக்களையிலிருந்து பூவாத்தாள் கேட்டாள். "யாரு வந்திருக்கறது?"

"ரண்டு."

கிணற்று விளிம்பில் ஒரு கை. வெளுத்து, ஊறி, விரல்கள் தடித்த கை. மணிக்கட்டில் ஒரு சாண் வெள்ளைத் துணி, தறி முடிச்சு போட்டபடி.

"அம்மா," என்றது குரல். "குளுருதுங்க."

அத்தாயி அவனைத் தாண்டிக்கொண்டு போனாள். கோடித் துணியை மார்போடு அணைத்திருந்தாள். "வாரேன் சாமி. கொண்டாந்துட்டேன்." விளிம்பில் மண்டியிட்டாள். இரண்டு வருஷமாகப் போடாமல் வைத்திருந்ததைப் போடத் துணியை விரித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். துணியை விரித்த அவள் கை அப்படியே நின்றது.

அர்த்தநாரியும் பார்த்தான்.

கயிறு நெடுகக் கைகள். ஒன்றுக்குக் கீழ் ஒன்று. கறுத்தவை, வெளுத்தவை, பச்சை குத்தியவை. பிடித்துக்கொண்டு. காத்துக்கொண்டு. வெளிச்சம் போகிற மட்டும் கீழே.

"இவிங்களுக்கும் ஆரும் போத்தலீங்கம்மா."

"எத்தன பேரு கண்ணு?"

"கப்பல் பூராவுமுங்க."

அத்தாயி பெருமூச்சு விட்டாள். பந்தியில் எதிர்பாராத ஆட்கள் உட்கார்ந்துவிட்டபோது விடுவாளே, அந்தப் பெருமூச்சு. துணியின் ஓரத்தைப் பல்லில் கடித்தாள்.

சர்ர்ர் என்று கிழிந்தது. ஒரு கைக்கு ஒரு துண்டு. சர்ர்ர். அடுத்த கை. வாங்கிய கை அமிழ்ந்தது. அடுத்தது ஏறியது. சர்ர்ர். அர்த்தநாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்துக்கொண்டுதான் நின்றான். வேறொன்றும் முடியவில்லை.

அம்மாவின் கையில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அடுத்த கை ஏறி வந்து நீண்டது.

"அது வேண்டாமுங்கம்மா," என்றான் கைலாசம், கீழிருந்து, பிரியமாக. "தம்பிக்கு வெய்யுங்க."

அம்மா திரும்பினாள். அவள் கண்களில் இப்போதுதான் கண்ணீர். அர்த்தநாரியின் தோளில் அந்தத் துண்டைப் போட்டு, சின்ன வயதில் துண்டு போர்த்துவிடுவாளே, அதுபோல ஓரத்தை இழுத்து மடித்துவிட்டாள்.

துணி மொடமொடவென்று இருந்தது. கஞ்சி வாடைகூடப் போகவில்லை. இன்னும் தண்ணீரே படாத புதுத்துணி. அதன் நுனியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.