யாருடைய திரை?

டெலிபோன் அலறியது.

கண்டி, அம்பிட்டிய வீட்டில் லீலாதேவி ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் பஹ்மி, அவளுடைய கம்ப்யூட்டர் கம்பனியின் பங்காளி.

"லீலா, ஒபிஸ் கதவ ஒடச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் இல்ல... டிஸ்கட் ஒண்டும் இல்ல."

நாளை வழக்கு!

1995இல் மருந்துக்கடைகளுக்காக அவள் ஒரு கம்ப்யூட்டர் திரையை வடிவமைத்தாள். கடையின் அலுமாரிகள் நிறப் பெட்டிகளாகத் தெரியும். இலக்கத்தை அழுத்தினால் உள்ளே இருக்கும் மருந்துகள் வரும். வாங்குவார்களென்று கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் காட்டினாள். வேண்டாம் என்றார்கள். 1997இல் அதையே நிறம்கூட மாற்றாமல் விற்றார்கள். போதாதென்று, அவள்தான் தங்களைப் பார்த்துச் செய்தாளென்று வழக்கும் போட்டார்கள்.

1995லேயே அவள் அதைச் செய்தாளென்பதற்கு ஒரே அத்தாட்சி அந்த டிஸ்கட்டுகள்.

பஹ்மியோடு பொலிசுக்கு ஓடினாள். சார்ஜன்ட் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி.

அவ்வளவுதான். களவு மறந்துபோயிற்று.

எப்போது கண்டிக்கு வந்தாய், ஏன் வந்தாய், வீட்டில் யார் யார்... இரண்டு மணித்தியாலம்.

"நான் களவு குடுத்த ஆள், சேர். களவெடுத்த ஆள் இல்லை."

அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். 1996இல் கொழும்பில் குண்டு வெடித்து இரண்டு வாரத்துக்குள், அவளைப் பிடித்து இதே ஸ்டேஷனில் இரண்டு நாள் அடைத்து வைத்த ஃபைல்.

ஒரு தாளை உருவி நீட்டினார். இது எந்தக் கட்டடம் என்று சிங்களத்தில் கேட்டார்.

லீலாதேவி தாளை இழுத்து வாங்கினாள்.

அவளுடைய திரையின் படம்! அன்று அறையிலிருந்து அள்ளிப்போன கடதாசிகளில் ஒன்று. மேலே பொலிஸ் முத்திரை. 1996 பெப்ரவரி 12. சிவப்பு மையில் ஒரு சிங்களக் குறிப்பு.

பஹ்மி வாசித்துச் சொன்னான்.

"சந்தேகத்துக்குரிய கட்டட வரைபடம்."

மறுநாள் அவளுடைய வழக்கறிஞர் பரமநாதன் கேட்டுக்கொண்டபடி அந்த ஃபைல் நீதிமன்றத்துக்கு வந்தது. தங்கள் திரை 1997இல் பிறந்ததென்று சத்தியக் கடதாசி கொடுத்திருந்த கம்பனியின் கதை அத்தோடு முடிந்தது. வழக்கு தள்ளுபடி. அவர்களுடைய விற்பனைக்கும் தடை.

கம்ப்யூட்டரை எடுத்தவன் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

வெளியே வந்ததும் பஹ்மி கேட்டான், இனி டிசைன்களை எங்கே பத்திரமாக வைப்பதென்று.

"ஒவ்வொரு கொப்பி பொலிசுக்குக் குடுப்பம்" என்றாள் லீலாதேவி. "இந்த நாட்டில சந்தேகப்பட்டதை மட்டும்தான் கவனமா வைச்சிருக்கினம்."