கை எட்டும் தூரம்

திங்கட்கிழமை, காலை 7.05.

செவிலி தன்னிடமிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் குளிர்தான் முதலில் முகத்தில் அறைந்தது. அந்த வீட்டில் ஏசி ஓய்வதே இல்லை. முயலுக்கு வெயில் ஆகாது என்று ஏசியை நிறுத்தாமல், தான் கம்பளி போர்த்திக்கொண்டு வாழ்ந்த மனிதர் அவர். வரைபடம் வரையும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஊசி போட வரும் செவிலியும், சனி, ஞாயிறு வந்துபோகும் அண்ணன் மகனும்தான் அவர் பார்த்த மனித முகங்கள்.

இன்று அவர் முயல் கூண்டருகே தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியோரம் ரத்தம் உறைந்திருந்தது. அலமாரிக்குக் கீழே முக்காலி கவிழ்ந்திருந்தது. வாய் கிழிந்த சாக்கிலிருந்து உலர்ந்த புல் கொட்டி, அறையெங்கும் பச்சையாகப் பரவியிருந்தது. செவிலி அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போலீசுக்கு ஃபோன் செய்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

8.20.

பெண் ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசமாட்டார், கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. அவரோடு வந்த ஏட்டு நேர்மாறு.

“தள்ளுமுள்ளு நடந்திருக்கு மேடம். புல்லு எப்படிக் கலைஞ்சு கிடக்கு பாருங்க” என்றார் ஏட்டு.

“கலைஞ்சா கண்டபடி கலையும். இது காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு.”

உண்மைதான். பிணத்தின் வலது கையைச் சுற்றி ஓர் அரைவட்டத்தில் மட்டும் தரை சுத்தமாக இருந்தது. ஒரு துரும்பு இல்லை. கை கூண்டுக் கம்பியை நோக்கி நீண்டிருந்தது. மூடிய விரல்களுக்குள் ஒரு பிடி பச்சைப் புல். முழங்கைக்கு அடியில் இரண்டு மூன்று மெல்லிய மஞ்சள் தண்டுகள் நசுங்கிக் கிடந்தன. பால்கனிக் கதவிலிருந்து கூண்டுவரை அதே மஞ்சள் தண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிந்தியிருந்தன. கூண்டின் தீனித்தட்டு நிரம்பி வழிந்தது. முயலோ மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு அசையாமல் இருந்தது.

எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகே உடலைத் தொட விட்டார் ஆய்வாளர்.

“இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. விழுந்தாரா, யாராவது தள்ளினாங்களான்னு இப்பவே சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். “இந்தக் குளிர்ல நேரமும் கறாரா வராது. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, நடுராத்திரிக்குள்ள.”

9.00.

அண்ணன் மகனுக்கு முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. அழுகை நிஜம்தான், அதில் சந்தேகமில்லை.

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“நேத்து ஆறு மணிக்கு வந்தேன் மேடம். ஆறரைக்குக் கிளம்பிட்டேன். சித்தப்பா நல்லாத்தான் இருந்தார். என் கண்ணு முன்னாடிதான் அந்தச் சாக்கைப் பிரிச்சு முயலுக்குத் தீனி போட்டார்.”

“சாக்கு எங்க இருந்தது?”

“எப்பவும் அலமாரி மேல இருக்கும். நனையக் கூடாதுன்னு அங்க வைப்பார். பழசு தீர்ந்ததும் சனிக்கிழமை புதுச் சாக்கை நான்தான் இறக்கிக் கொடுப்பேன்.”

“இந்தச் சனிக்கிழமை?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இறக்கிக் கொடுத்தேன்.”

“கதவு?”

“சாத்தினாத் தானாப் பூட்டிக்கும். சாவி ரெண்டே பேர்கிட்டதான் மேடம். ஒண்ணு என்கிட்ட. நான் போனப்புறம் யார் வந்தாங்கன்னு நீங்களே பாத்துக்குங்க.”

ஏட்டின் பார்வை சமையலறை வாசலில் நின்ற செவிலி மேல் போய் ஒட்டிக்கொண்டது.

9.25.

“நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க சிஸ்டர்?”

“வீட்ல.”

“கூட யாரு?”

“யாரும் இல்ல.”

“யார்கிட்டயாவது பேசினீங்களா? ஃபோன்ல?”

செவிலி யோசித்தாள். “வெள்ளிக்கிழமை இவர்கிட்ட ‘திங்கக்கிழமை வரேன்’னு சொன்னேன். அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசல.”

இரண்டு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று ஏட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் ஏழு பேர் அவருக்கு. ஆய்வாளர் உடனே நம்பினார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படித்தான் கழிகின்றன.

“ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் மேடம்” என்றார் ஏட்டு.

“வரேன்” என்றாள் செவிலி. “அதுக்கு முன்னாடி முயலுக்குப் புல்லு போடுங்க. அது அரை நாள் திங்கலன்னாலே குடல் நின்னுபோகும். செத்துரும்.”

“தட்டு நிறைய இருக்கே?”

“அது வைக்கோல். பால்கனி சாக்குல இருக்கும். கூண்டுக்குள்ள மெத்தை மாதிரி பரப்புறதுக்கு. அதுல சத்து கிடையாது, இது வாயே வைக்காது. பச்சையா, வாசமா இருக்கு பாருங்க, அதுதான் தீனி.”

ஆய்வாளர் குனிந்து தட்டிலிருந்து ஒரு தண்டை உருவினார். மஞ்சள், உள்ளே வெறும் குழல், வாசனை இல்லை. தரையிலிருந்து ஒரு புல்லை எடுத்து முகர்ந்தார். முதல் மழை நின்ற மைதானம்போல மணத்தது.

“ஏட்டையா, கொஞ்சம் பொறுங்க. சமையலறையில தராசு இருக்கா பாருங்க.”

9.50.

தரையில் கிடந்த புல்லையெல்லாம் கூட்டி அள்ளி, பிணத்தின் கையில் இருந்ததையும் சாக்கில் மிஞ்சியதையும் சேர்த்து நிறுத்தார்கள். சாக்கின் மேல் மூன்று கிலோ என்று அச்சிட்டிருந்தது. நூற்றிருபது கிராம் குறைந்தது.

“சிஸ்டர், இது ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்?”

“கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் குறைஞ்சது ஒரு நாளைக்கு, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல வரும்.”

ஆய்வாளர் தரையோடு தரையாகப் படுத்து, டார்ச் அடித்துக் கூண்டுக்குள் பார்த்தார். தீனித்தட்டின் கீழே பச்சைத் தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் கை நீண்டிருந்த இடத்துக்கு நேரே, கம்பியை ஒட்டி, கடித்துத் துப்பிய பச்சை நுனிகள் குவிந்திருந்தன. இறந்தவரின் கைபேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அதில் சனிக்கிழமை மதியம் 1.10-க்கு அண்ணன் மகனுக்குப் போன ஓர் அழைப்பு. எடுக்கப்படவில்லை. அதன்பின் எதுவும் இல்லை.

10.30.

ஆய்வாளர் அண்ணன் மகனை எதிரே உட்கார வைத்தார்.

“உங்க சித்தப்பாவை யாரும் தள்ளல. சனிக்கிழமை நீங்க வரல. தட்டு காலி. ஃபோன் பண்ணினார், நீங்க எடுக்கல. முயல் பசியோட இருக்கேன்னு அவரே முக்காலி போட்டு ஏறினார். சாக்கோட விழுந்தார். இடுப்பு போச்சு. ஃபோன் சமையலறையில. ஏசிக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, கத்தினாலும் யாருக்கும் கேட்காது.”

அவன் வாய் திறந்தான். ஆய்வாளர் கையமர்த்தினார்.

“கை எட்டின தூரத்துல இருந்த புல்லைப் பிடிபிடியா எடுத்துக் கம்பி வழியாத் தள்ளியிருக்கார். அதான் அந்த அரைவட்டம். ஒரு நாளைக்கு மேல, எலும்பு உடைஞ்சு கிடந்துக்கிட்டே முயலுக்குத் தீனி போட்டிருக்கார்.”

செவிலி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நேத்து ஆறு மணிக்கு நீங்க வந்தீங்க. பாத்தீங்க. பயந்துட்டீங்க. முந்தின நாள் ஏன் வரலன்னு குடும்பமே கேட்குமேன்னு, அதுவரைக்கும் அவர் நல்லா இருந்த மாதிரி ஒரு கதை கட்டினீங்க. தட்டை நிரப்பினீங்க, எதை வெச்சு நிரப்புறோம்னு தெரியாமலே. தினமும் அதைக் கொஞ்சித் தீனி போட்டவர் தட்டுல வைக்கோலை வெச்சிருப்பாரா?”

அவன் உடைந்துபோனான். “மழை பெய்ஞ்சுது மேடம். ஒரு நாள்தானேன்னு நினைச்சேன். ஒரே ஒரு நாள். நான் வந்தப்ப அவர் போயிட்டார். என்ன பண்றதுன்னு தெரியல.”

“கிட்டப் போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“தொட்டீங்களா? கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“முகத்தைப் பாக்கவே தைரியம் வரல.”

ஆய்வாளர் காலையில் எடுத்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி அவன் முன் வைத்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியது. எதிரே நின்ற செவிலியைப் பார்த்தார். இந்தப் பையன் கூசாமல் அவள் தலையில் கட்டப்பார்த்த பழியை நினைத்துக்கொண்டார்.

“இந்த வைக்கோல் நீங்க கொண்டு வந்தப்ப சிந்தினது. பால்கனியிலிருந்து வரிசையா விழுந்திருக்கு. ரெண்டு மூணு தண்டு அவர் முழங்கைக்கு அடியில கிடக்குது. மேல இல்ல, அடியில. நீங்க சிந்தினப்புறம் அவர் கையைத் தூக்கியிருக்கார். பக்கத்துல இருந்த புல்லு தீர்ந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளி எட்டி ஒரு பிடி எடுத்திருக்கார். அதைக் கூண்டுக்குள்ள தள்ளத்தான் முடியல.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் எழுப்பிய சத்தத்தில் முயல் காதுகளை மடக்கிக்கொண்டது.

“உயிரோடவா இருந்தார்?”

“ஆமா.”

ஏட்டு அவனைத் தோளைப் பிடித்து எழுப்பி அழைத்துப் போனார். பொய் சொன்னதற்கும் பழி போட்டதற்கும் எந்தச் சட்டப் பிரிவு என்று தேடினால் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை வராமல் போனதற்குப் பிரிவு எதுவும் கிடையாது.

11.15.

செவிலி கூண்டின் முன் மண்டியிட்டு ஒரு பிடி பச்சைப் புல்லை நீட்டியபடி இருந்தாள். கால் மணி நேரமாக முயல் திரும்பியே பார்க்கவில்லை. அது சாகக் கூடாது என்று ஆய்வாளர் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் மூக்கு அசைந்தது. ஒரு புல்லின் நுனி வாய்க்குள் போயிற்று. கறுக் கறுக் என்ற சின்னச் சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது.

“டாக்டர்கிட்ட காட்டிட்டு இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்?”

“எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. வீட்டு விலாசம், வீட்ல எத்தனை பேர்னு.”

செவிலி காகிதத்தில் விலாசத்தை எழுதினாள். எத்தனை பேர் என்ற இடத்தில் பேனா நின்றது. கூண்டை ஒருமுறை பார்த்தாள். இரண்டு என்று எழுதினாள்.

ஆய்வாளர் அதைத் திருத்தச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.