ஏழாவது ஸ்க்ரூ

பகல் 1.10. மீனாட்சிபுரத்தில் ரியாஸின் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டர் கடை. இந்துவின் பழைய லேப்டாப்பில் புது டிஸ்க்கும் புது விண்டோஸும் ஏறியிருந்தன. அதிலிருந்து கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க்கைத்தான் காணோம்.

இந்துவின் நான்கு வருட ஆராய்ச்சி அதற்குள். மாலை ஐந்துக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியாக வேண்டும். பழைய விண்டோஸில் தளம் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் இத்தனை கூத்தும்.

"வேற காப்பி?" கேட்டது ரியாஸின் மனைவி சுஹைனா. கடைக்கு மூளை அவள்தான்.

"இல்லீங்கக்கா. உங்கூட்டுக்காரரு யாருக்கோ வித்துப்போட்டாரு! நான் போலீசுக்குப் போறேன்."

ரியாஸின் முகம் செத்துப்போனது. சுஹைனாவுக்கு வந்தது கோபம். டிஸ்க் கிடைக்காமல் சோற்றில் கை வைப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

"தொழுகைக்குப் போறப்ப கடையில யாரு?"

"பிரிண்டர் வாங்க வந்த சதீசு. ரீசார்ஜுக்கு நல்லதம்பியண்ணன். பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போனேன்."

சுஹைனா சுற்றிலும் பார்த்தாள். விலை உயர்ந்த லேப்டாப்புகளை யாரும் தொடவில்லை. செத்த டிஸ்க்குகளைப் போடும் வாளி காலி. நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். மேசை விளிம்பில் தவிட்டுத் தூள்.

"நல்லதம்பியண்ணன் மாட்டுக்கு நேத்து என்ன ஆச்சு?"

"தீவனத்தோட கம்பிய முழுங்கிருச்சு. டாக்டர் வயித்த அறுத்து எடுத்தாரு."

"வண்டிய எடுங்க!"

1.40. நல்லதம்பியின் மாட்டுக் கட்டுத்தறி. அவர் மடியில் டிஸ்க், தரையில் ஆறு ஸ்க்ரூ, மூடி இடுக்கில் கத்தி.

"அண்ணா, கைய எடுங்க!"

நல்லதம்பி கத்தியைக் கீழே போட்டார். "கழட்டி வெச்சிருந்துச்சே அம்மணி, செத்ததுன்னு எடுத்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் தீவனம் வெக்கோணும். இன்னொரு மாடும் முழுங்கிருச்சுன்னா நான் என்ன பண்றது?"

செத்த டிஸ்க்கின் காந்தத்தைத் தவிட்டில் ஓட்டி ஆணி, கம்பி பொறுக்குவது இந்த ஊர்ப் பால்காரர்களின் பழக்கம். எப்போதும் ரியாஸ்தான் டிஸ்க்கை உள்ளறையில் வைத்துப் பிரித்துத் தருவான்.

சுஹைனா கூட வந்திருந்த இந்துவிடம் திரும்பினாள். "விக்கறவனுக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்? உள்ள இருக்கறது வேணுங்கறவந்தான் அதையும் எடுப்பான். மேசையில தவிடு. சதீசு ஊட்டுல மாடே இல்ல."

"மூடி தெறந்திருந்தா?"

"எல்லாம் போயிருக்கும். ஏழாவது ஸ்க்ரூ இந்த ஸ்டிக்கருக்கு அடியில இருக்குது. அது அண்ணனுக்குத் தெரியாது."

4.40. கடையில் ஆராய்ச்சி ஏறி முடிந்தது. இந்து ரியாஸின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களைப் போயி..." அழுதுவிட்டாள்.

சுஹைனா பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து, காந்தத்தை வாசலில் காத்திருந்த நல்லதம்பியின் கையில் வைத்தாள். அவர் கட்டுத்தறிக்கு ஓடினார்.

"அழுதது போதும் இந்து, கையக் கழுவு," என்றாள். "இந்த ஊட்டுல இன்னும் யாரும் சோறு திங்கல."