மஞ்சள் கொடி இறங்கும்வரை

அவன் பின் ஏணியில் ஏறி உள்ளே கால் வைத்தான். படகு சாயவில்லை.

என்ன உறுத்துகிறது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு யார் வந்தார்கள் என்று பார்க்கக் கண் வேண்டும். படகில் குடியிருப்பவர்களுக்கு உள்ளங்கால் போதும். மகள் ஏறினால் படகு லேசாகத் தலையை ஆட்டும். அவள் ஏறினால் கொஞ்சம் சாயும். அவன் சாப்பாட்டில் குறை வைக்காத ஆள், ஆகிருதியும் அப்படி. அவன் ஏறினால் அடுப்புக்கு மேலே தொங்கும் கரண்டிகள் எல்லாம் ஒரு பக்கமாகப் போய் முட்டிக்கொண்டு சத்தம் போடும். "யானை வந்தாச்சு" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள். கல்யாணமான புதிதில் வந்த பட்டம், இன்னும் போகவில்லை. இப்போது கரண்டிகள் தொங்கியபடியே இருந்தன. அலைக்குக் கொஞ்சம் ஆடின, அவ்வளவுதான்.

"கட்டியாச்சு" என்றான் அவன். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"ஏங்க இவ்ளோ நேரம்? கயித்த இழுத்து சொல்றேன்னீங்களே?"

"மறந்துட்டேன்."

அவர்கள் செய்தது தப்புதான், அது இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு நாட்டுத் தண்ணீரிலிருந்து இன்னொரு நாட்டுத் தண்ணீருக்குள் நுழையும் படகு பாய்மரத்தில் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். சுங்க அதிகாரி வந்து பார்த்து, முத்திரை போட்டு, கொடியை இறக்கச் சொல்லும்வரை படகில் இருக்கும் ஒருவர் காலும் மண்ணில் படக் கூடாது. துறைமுகத்துக்கு முந்தின தீவை அவர்கள் எட்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. சுங்க அலுவலகம் இனி காலையில்தான். இரவை அங்கேயே நங்கூரம் போட்டுக் கழித்துவிடலாம் என்று நினைத்தார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை. காற்று படகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. கரையில் பெரிய பெரிய மரங்கள் இருந்தன. வீடு இல்லை, விளக்கு இல்லை, ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

"ரப்பர் படகுக்குக் காத்தடிக்க நேரமில்ல, நீந்திப் போயி ஒரு மரத்துல கயித்தக் கட்டிட்டு வந்துடறேன். யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவன் குதித்தான். கட்டி முடித்ததும் கயிற்றை இரண்டு தரம் இழுப்பான், அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் இறுக்க வேண்டும் என்று பேச்சு. அவள் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் மரங்களுக்கு நடுவே நடந்து போனதைப் பார்த்தாள். வெளிச்சம் போய்விட்டது. கயிறு அசையவே இல்லை. பிறகு பின் ஏணியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

துண்டை நீட்டியபோது அவன்மேல் ஒரு வாடை அடித்தது. உப்பு வாடை இல்லை. பல நாள் நகர்த்தாத பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் வருமே, அந்த ஈர மண் வாடை.

மகளுக்கு ஆறு வயது, வீட்டில் வாண்டு என்றுதான் பெயர். அவள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் படகில் ஏறுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பது அவளுடைய விளையாட்டு, அதில் அவள் தோற்றதே கிடையாது.

"அப்பா இன்னும் வரலையாம்மா?"

"வந்துட்டாரே. பின்னாடி நிக்கறாரு பாரு."

வாண்டு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா ஏமாத்தறாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவன் சிரித்தான். அதே சிரிப்பு, அதே தெத்துப்பல். சாப்பாடு வேண்டாம் என்றான். பாதி ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லாத வாய் அது. அசதி, குளிர், கடல் பயணம் என்று அவள் ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

படுத்ததும்தான் நன்றாகப் பயம் பிடித்தது. அவர்கள் மெத்தை பழசு. அவன் படுத்தால் அந்தப் பக்கம் பள்ளமாகிவிடும், அவள் உருண்டு போய் அவன் முதுகில் முட்டிக்கொண்டு கிடப்பாள், அதற்காக எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறாள். இன்று மெத்தை சமதளமாக இருந்தது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருப்பதையும், பாய்மரத்தில் கயிறு உரசுவதையும், மேலே மஞ்சள் கொடி காற்றில் படபடத்து அடங்கி மறுபடி படபடப்பதையும், மகள் மூச்சு விடுவதையும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்; பக்கத்திலிருந்து வரவேண்டிய குறட்டையை மட்டும் கேட்கவில்லை. அவன் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

விடிந்தது. விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது மனித சுபாவம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். முகம் கழுவிக்கொண்டு கரைக்கயிற்றை அவிழ்க்கப் போனாள். படகின் ஓரத்துக் கட்டையிலிருந்து முடிச்சைத் தளர்த்திக் கையில் எடுத்தாள்.

கயிறு இழுபட்டது.

ஒரு தரம். கொஞ்சம் நின்று, இன்னொரு தரம்.

அலை இழுத்தால் மெதுவாக இழுக்கும், மெதுவாக விடும். இது கை. ஆள் கயிற்றைப் பிடித்துச் சுண்டுகிற சுண்டல். அவள் கரையைப் பார்த்தாள். கயிறு தண்ணீருக்கு மேலே நீண்டு போய், முதல் வரிசை மரங்களைத் தாண்டி, உள்ளே இருட்டுக்குள் போயிருந்தது. அவ்வளவு தூரம் உள்ளே போய்க் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி இரண்டு தரம். இந்த முறை வேகமாக.

"என்ன?" என்றான் அவன். பின்னாலேயே நின்றான். வந்த சத்தமே கேட்கவில்லை.

"யாரோ இழுக்கறாங்க."

"மரம் காத்துல ஆடுது."

காற்றே இல்லை. அவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கத்தியால் கயிற்றை அறுத்தான். அறுந்த நுனி தண்ணீரில் விழுந்தது. விழுந்தது மிதக்கவில்லை, சரசரவென்று கரையை நோக்கி ஓடியது, மணலில் ஏறியது, மரங்களுக்குள் போய் மறைந்தது. உள்ளே யாரோ அவ்வளவு ஆசையாக இழுத்திருக்கிறார்கள். படகுதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கத்தியிருக்கலாம், குதித்திருக்கலாம். அவள் நீச்சலில் அரைகுறை. கத்தி அவன் கையில் இருந்தது. மகள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்துக்குப் போகும்வரை அவன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாயை எப்படி இழுத்துக் கட்ட வேண்டும், எந்தப் பாறைக்கு எவ்வளவு ஒதுங்க வேண்டும், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருவேளை பைத்தியம் தனக்குத்தானோ என்றுகூட அவள் யோசித்தாள். வாண்டுவைத் தன் மடியிலிருந்து இறக்கவே இல்லை. சுங்க அதிகாரி வரட்டும், அவரிடம் சொல்லிவிடலாம். என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் கனமாக இல்லை என்றா? சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு முன்னால், ஏன் தீவில் இறங்கினீர்கள் என்று கேட்பார்கள். அனுமதி வாங்காமல் இறங்கின படகைப் பறிமுதல் செய்வார்கள் என்று துறைமுக விதி சொல்கிறது. வீட்டை விற்றுத்தான் இந்தப் படகை வாங்கினார்கள். இது போனால் படுக்க இடம் கிடையாது.

அதிகாரி ஒரு விசைப்படகில் வந்து ஏறினார். பெரிய தொப்பை, கக்கத்தில் பை, மேல்மூச்சு. அவர் கால் வைத்ததும் படகு நன்றாகச் சாய்ந்தது. கரண்டிகள் எல்லாம் மோதிக்கொண்டன. வாண்டு கைகொட்டிச் சிரித்தாள். அம்மாவுக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுகை வந்துவிட்டது.

"என்ன மேடம், கடல் ஒத்துக்கலையா?"

"தலைவலி சார்."

கடவுச்சீட்டைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். காய்கறி ஏதாவது இருக்கிறதா, செடி, மண், விதை ஏதாவது கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். ஒரு நாட்டு மண்ணில் இருக்கிறது இன்னொரு நாட்டு மண்ணுக்குப் போனால் பெரிய தொல்லை, போன வருஷம் ஒரு சின்னப் பூச்சி வந்து தோட்டம் தோட்டமாக அழித்துவிட்டது என்று அலுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் நிதானமாக இல்லை என்றான். எப்போது போனாள் என்று தெரியவில்லை, வாண்டு அவன் மடியில் இருந்தாள். அவன் விரல்கள் அவள் உச்சந்தலையில் இருந்தன.

"நடுவுல எங்கயாச்சும் எறங்கினீங்களா?"

அதிகாரி அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவனும் அவளைப் பார்த்தான். தெத்துப்பல் தெரிந்தது. விரல்கள் மகளின் தலையை மெல்லக் கோதின.

"இல்ல சார்" என்றாள்.

"அப்பறம் என்ன, முடிஞ்சுது." முத்திரை விழுந்தது. "நீங்க தாராளமா கரைக்கு வரலாம். கொடிய எறக்கிடுங்க."

அதிகாரியின் விசைப்படகு அவரை மிதவைத் துறையில் விட்டுவிட்டுப் போனது. பீப்பாய்கள்மேல் பலகை அடித்துக் கரையின் கல்படி வரைக்கும் நீட்டியிருந்த மேடை அது. கொடியை இறக்கு என்று அவன் சொன்னான். தான் தொடவில்லை. அவள் பாய்மரத்தடிக்குப் போனாள். கொடிக்கயிறு உப்பில் இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்க்க வேண்டியிருந்தது. கொடி இறங்கி அவள் கைக்குள் வந்து விழுந்தது. திரும்பினாள்.

பின்தளம் காலி.

துறைமுகம் வந்ததும் அவன் காற்றடித்துப் பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகைக் காணவில்லை. அது தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வாண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவன் துடுப்புப் போட்டான். குழந்தை உட்கார்ந்த முனை தண்ணீரில் அழுந்தியிருந்தது. அவன் உட்கார்ந்த முனை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஆளே இல்லாத மாதிரி.

"வாண்டு, குதிச்சிடு. அம்மா சொல்றேன், குதிச்சிடு."

வாண்டுவுக்குக் கேட்கவில்லை. கை ஆட்டினாள்.

அவள் உள்ளே ஓடினாள். ரேடியோவை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"சார். இப்ப வந்தீங்களே, அந்தப் படகுலேருந்து பேசறேன். பொய் சொல்லிட்டேன் சார். நாங்க எறங்கினோம். அந்தத் தீவுல எறங்கினோம்."

இரைச்சல். பிறகு அவர் குரல். "என்ன மேடம் சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு. கயித்த இழுத்துட்டே இருந்தாரு. விட்டுட்டு வந்துட்டேன்."

"உங்க வீட்டுக்காரர் இதோ வந்துட்டாரே மேடம். பாப்பாவும் வருது."

"படகப் பறிச்சுக்கோங்க சார். என்ன ஜெயில்ல போடுங்க. கொழந்தைய மட்டும் வாங்கிக்கோங்க. அவர ஏத்தாதீங்க."

அவள் மேலே ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரப்பர் படகு மிதவைத் துறையை முட்டி நின்றது. அதிகாரி ஒரு கையில் ரேடியோவுடன் நின்றார், இவள் பக்கம் ஒரு தரம் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு, நல்ல மனுஷர், குனிந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

அவன் வாண்டுவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அதிகாரியின் கையைப் பிடித்தான். பலகைமேல் கால் வைத்தான்.

மேடை அமிழ்ந்தது.

பீப்பாய்கள் முனகின. அதிகாரியின் செருப்பு முழுகியது. முழங்கால் முழுகியது. துறையில் கட்டியிருந்த படகுகள் எல்லாம் கயிறு இறுகி அந்தப் பக்கமாகக் குனிந்தன. அதிகாரி சறுக்கி விழுந்தார். கத்தவில்லை. கத்த நேரம் இருக்கவில்லை. அவர் கை அவன் கையிலிருந்து விடுபடவில்லை.

அவன் அவரையும் இழுத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த பலகை. அதுவும் உள்ளே போனது. போனது மேலே வரவில்லை. அதற்கு அடுத்தது. இத்தனை கனமும் இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. படகுக்கும் மேடைக்கும் நடுவே அவ்வளவு தண்ணீர். ஒரு காலைக் கம்பிக்கு வெளியே போட்டாள். இன்னொரு காலையும் போட்டாள்.

கல்படி நெருங்கியது. அங்கே மீன் வாங்க வந்தவர்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்கள், எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. வாண்டு மட்டும் அப்பாவின் தோளிலிருந்து திரும்பி அம்மாவைத் தேடினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை இப்போது. இரண்டு கையையும் இந்தப் பக்கம் நீட்டினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி.

அவன் முதல் படியில் கால் வைத்தான். கல் பிளந்தது.