அது நான் இல்லீங்க

இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்று டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பியிருந்த ஆளின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அறிவழகன் முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. மழையில் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய், கொல்லைப்பக்கம் ஜெனரேட்டர் விடாமல் உறுமியது. டீசல் வாடையோடு, உள்ளே ஸ்கேன் மேசையில் படுத்திருந்த பாவாடை என்பவரின் சட்டையிலிருந்து ஈரக் களிமண் வாடையும் கதவிடுக்கு வழியாக வந்து மூக்கில் ஏறியது. செராமிக் கம்பெனியில் களிமண் மூட்டையோடு விழுந்தவர். முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது. நின்றுவிட்டதா, இன்னும் கசிகிறதா என்று பார்த்துச் சொல், கசிந்தால் உடனே பாண்டிச்சேரியில் ஆபரேஷன், இல்லாவிட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"காலை ஆட்டாதீங்கண்ணே," என்றான் மைக்கில்.

"அது நான் இல்லீங்க தம்பி. எனக்குக் காலு இருக்குதான்னே தெரியல."

அறிவழகன் நரம்பில் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தான். ரத்தம் கசிகிற இடத்தில் அந்த மருந்து வெள்ளையாகத் தெரியும். தெரிந்தது. இடுப்புக்கு நேரே, உளுந்தளவு. சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தான். வெள்ளை பெரிதாகியிருந்தது. கசிவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது பரவவில்லை. பனையேறி மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் தண்டைப் பிடித்து மேலே ஏறியிருந்தது.

மூன்றாவது படம். கழுத்தில் இருந்தது.

"தம்பி, கையும்..." பாவாடையின் குரல் நின்றது. ஸ்பீக்கரில் கரகரப்பு. பிறகு ஒரு குரல்.

"காலை ஆட்டாதீங்கண்ணே."

அறிவழகனின் குரல். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

குனிந்து பார்த்தான். செருப்புக்குள் அவனுடைய கட்டைவிரல் ஆடியது. அவன் ஆட்டவில்லை. கையால் அழுத்தினான். நிற்கவில்லை. இடுப்புக்குக் கீழே சில்லென்று ஆகி, பிறகு ஒன்றுமே தெரியவில்லை.

போன் அடித்தது. கதவைத் திறந்துகொண்டு பாவாடையின் மனைவி அன்புக்கரசி வந்து நின்றாள். கசிகிறது என்று சொல்ல வேண்டும். அது மட்டும் போதும். அவன் கை தானாகப் போனை எடுத்தது.

"கசிவு நின்னுடுச்சுங்க சார். வூட்டுக்கே அனுப்பிடலாம்," என்றது அவன் வாய்.

கண்கள் மட்டும்தான் அவனுடையவையாக மிச்சமிருந்தன. அவற்றில் நீர் வழிந்தது. அன்புக்கரசி அதைப் பார்த்துத் தானும் அழுதபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஈரத்தரையில் அவளுடைய கட்டைவிரல் மெல்ல ஆடத் தொடங்கியது.