பதினேழாம் வண்டியின் பொறுப்பாளர்

பதினேழாம் ரிக் வண்டியின் பக்கம் இன்று காலை பதினொன்று நாற்பதுக்குத் திருத்தப்பட்டிருந்தது. அந்த வண்டியைப் பழைய இரும்பாக உடைத்து மூன்று ஆண்டுகளாகியிருந்தன.

சத்யபிரியா திரைக்கு அருகே குனிந்தாள். நாமகிரிப்பேட்டைச் சாலையிலிருந்த அந்த ஆழ்துளைக் கிணற்று நிறுவனத்தின், ஊழியர்களுக்கான உள் இணையதளத்தை மாற்றியமைக்க அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஆலோசகர் அவள். ஆறு வாரங்களில் நாலாயிரம் பக்கங்களைச் சலித்துத் தள்ளியிருந்தாள். செத்துப்போன சமையற்காரரின் நினைவுக் குறிப்பைக்கூட, ஊழியர்கள் வந்து கெஞ்சியும், விட்டுவைக்கவில்லை. அவள் வகுத்த விதி எளிமையானது: ஒவ்வொரு பக்கத்துக்கும் உயிரோடிருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஒரு பெயரை நீக்கினால், நீக்கியவரின் பெயரைக் கணினி அங்கே தானாக நிரப்பிக்கொள்ளும். பொறுப்பு ஒரு கணமும் வெறுமையாய் நிற்கலாகாது. மாலை ஆறு மணிக்குத் தளம் திறக்க வேண்டும்; திறக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளுக்கு வேலையில்லை என்று மேலாளர் குணசீலன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

எஞ்சியிருந்தது இந்த ஒரு பக்கம்தான்.

துளையின் ஆழம்: 29,220 அடி. பொறுப்பாளர்: ஆண்டி, டிரில்லர்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வெளியே முற்றத்தில் ரிக் வண்டிகள் தம் நெடுங்கரங்களை மடித்துப் படுத்திருக்க, டீசலும் காய்ந்த கிரீசும் வெயிலில் உருகிய வாடை சன்னல் வழியே மெல்லப் பரவி, அடுத்த அறையில் இருபது ஆண்டுகளாகக் கணினிப் பதிவு பார்க்கும் மயில்சாமி காலம் தப்பித் திறந்த டிபன் பாக்ஸின் ரச மணத்தோடு கலந்து, அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"மயில்சாமி அண்ணா, இந்த ஆண்டி யாரு?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"அதத் தொடாதீங்க அம்மிணி."

"எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. சமையக்காரர் பக்கத்துக்கு நீங்க அழவே அழுதீங்க."

"இது அழுகற சமாச்சாரமில்லீங்க." அவர் எழுந்து வரவில்லை, குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது. "நாலு வருசத்துக்கு முந்தி வடக்க ஒரு காட்டுல பைப்பு அறுந்து உழுந்து செத்துப்போனானுங்க. போலீசு, கேசுன்னு வண்டி மாட்டிக்குமேன்னு அங்கயே பொதச்சுப்போட்டாங்க. வண்டி ஊரு வந்து சேர்ற வரைக்கும் அவன் உசுரோட வேலைல இருக்கறாப்ல நாந்தான் தெனமும் ஆழம் எழுதுனேன். ஒரு நாளைக்கு ஒரு பைப்பு, இருவதடி. ஒரு மாசங் கழிச்சு நிறுத்திட்டேனுங்க. பக்கம் நிக்கல, தானா தெனமும் இருவதடி ஏறீட்டே இருக்குது."

"யாரோ உங்க பாஸ்வேர்ட வச்சு வெளையாடறாங்க."

"மாத்தாளு வராம ரிக்க உட்டு ஆரும் எறங்க மாட்டாங்க அம்மிணி. வண்டி வழக்கம் அது. அவம்பேரு இருக்கறமுட்டும் அவன் தோண்டீட்டே கெடப்பான். எடுத்தீங்கன்னா மாத்தாளு வந்துட்டாங்கன்னு மேல ஏறீருவான் சாமி."

அவள் சிரித்தாள். மணி ஐந்து முப்பத்தாறு. ஆண்டியின் பெயரை நீக்கினாள்.

பொறுப்பாளர்: சத்யபிரியா.

கட்டத்தின் எண் நடுங்கிற்று. 29,200. பிறகு 28,000. 21,000. எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத விரைவில் சரிந்தன. அவளுடைய தேநீர்க் குவளையில் வளையங்கள் எழுந்தன. வெகு ஆழத்தில் இரும்பு பாறையை உரசும் ஒலி, முதலில் ஒரு பல்வலியைப் போல, காதுக்கு முன்னரே எலும்புக்குக் கேட்டது. ஈரக் கருங்கல் மாவின் நாற்றம் தரையோடுகளின் இடுக்கிலிருந்து கசிந்தது.

9,000. 4,000.

பக்கத்தை அழிக்க முயன்றாள். திரையில் ஒரு வரி வந்தது: பொறுப்பாளர் பணியில் இருக்கையில் பக்கத்தை அழிக்க இயலாது. அவளே எழுதிய விதி.

1,200. நாற்காலிக்குக் கீழே ஓடு சுட்டது.

மாற்ற முடியும். பெயரை மட்டும்.

"அம்மிணி," என்றார் மயில்சாமி அடுத்த அறையிலிருந்து, "ரசஞ்சோறு கொஞ்சம் மிச்சமிருக்குது. ஒருவாய் சாப்புடறீங்களா?"

அவள் விரல்கள் தட்டச்சு செய்தன. பிழையின்றி.

பொறுப்பாளர்: மயில்சாமி.

அவள் காலடியில் ஓடு குளிர்ந்தது. ஒலி நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்.

"ஏனுங்க அம்மிணி... தரை சுடுதுங்களே."

300.

"அம்மிணி? எம்பேரயா போட்டீங்க?"

200. திரையின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான்: முந்தைய பொறுப்பாளரை மீட்டெடு. அதாவது, அவளை. சுட்டி அதன்மேல் நின்றது. அவளுடைய விரல் நின்றது.

"எடுத்துருங்க சாமி. எடுத்துருங்க."

60. 40. 20.

டிபன் மூடி விழுந்து உருண்டது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு, நனைந்த துணியைக் குறுகிய வளையத்தின் வழியே இழுப்பது போன்ற ஓர் ஓசை. நீண்டது. முறிந்தது. மீண்டும் நீண்டது.

அமைதி.

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு அவள் அந்த அறைக்குள் போனாள். மேசைக்கடியில், தரையோட்டில், ஆறரை அங்குல அகலத்தில் ஒரு துளை. விளிம்பு கத்தரித்தது போல வட்டமாக இருந்தது. அதன் இருபுறமும் மயில்சாமியின் செருப்புகள். சட்டைப் பொத்தான்கள் ஐந்தும் விளிம்பைச் சுற்றி உதிர்ந்து கிடந்தன. துளையிலிருந்து வெறுங்காலடித் தடங்கள் புறப்பட்டு, சாம்பல்நிறச் சேறு சொட்ட, அவசரமின்றி வாசலைக் கடந்து சாலைக்கு இறங்கியிருந்தன. முறை முடிந்து வீடு திரும்பும் மனிதனின் தடங்கள்.

துளைக்குள்ளிருந்து குரல் வந்தது. மரியாதையோடு.

"இருவதடிங்க."

அவள் தன் மேசைக்கு ஓடினாள். ஆழம்: 20 அடி.

"நாப்பதடிங்க."

40 அடி.

மணி ஆறு. தளம் திறந்தது. வாழ்த்துச் செய்தி அனுப்பினார் குணசீலன். பக்கத்தின் அடியில், அவள் ஒருபோதும் வடிவமைத்திராத ஒரு வரி முளைத்திருந்தது. மாத்தாள்: சத்யபிரியா.

தான் வகுத்த விதிகள் அடங்கிய ஆளுகைக் கையேட்டின் தடித்த கோப்பை எடுத்துவந்து துளையின்மேல் வைத்தாள். அது அடைபட்டது. குரல் மங்கியது.

"அறுவதடிங்க... அம்மிணி, மாத்தாளு எப்பங்க?"

கீழிருந்து காற்று எழ, கோப்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. தாழ்ந்தது. அதன் தாள்களின் ஓரத்தில் சாம்பல்நிற ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. மீண்டும் உயர்ந்தது.