நடுவில் நிற்கும் குரல்

குரல் நடுவில்தான் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஓர் அடி முன்னால் வந்து, பூவிழியின் முகத்துக்கு நேராக நின்றது.

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் மேசையின் இரு முனைகளில், அவள் காது உயரத்துக்கு, உள்பக்கமாகச் சற்றே திரும்பி இருந்தன. பெட்டி இரண்டும் கேட்கிறவர் தலையும் ஒரு முக்கோணம்போல அமைய வேண்டும், அப்படி அமைந்தால் பாடுகிறவன் குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது அந்தப் பெட்டியிலிருந்தும் வராது, இரண்டுக்கும் இடையே ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து வரும் என்று ஹரிஷ் சொல்லித்தான் வைத்திருந்தான். வெற்றிடத்திலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த இடம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"ஹரிஷ், கொரல் கொஞ்சம் முன்னால வந்துட்ட மாதிரி கீதே?"

"ரூம் பண்ற வேலைக்கா. செவுத்துல பட்டுத் திரும்புது. இது அஞ்சு இஞ்சு ஸ்பீக்கர். இந்த ரூமுக்கு இதுவே போதும். இருந்தாலும் பெரிய ஜோடியையும் மாட்டிப் பாத்துருவோம்."

பொன்னேரியில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஹரிஷ், காணாமல் போன விக்கியின் சிநேகிதன். விக்கி பூவிழியின் தம்பி. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, "பாட்டு சோறு போடுமாடா?" என்று பூவிழியின் புருஷன் தீனா கேட்க, பேச்சு வளர்ந்து, தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு இருட்டில் பழவேற்காடு ஏரிப் பக்கம் இறங்கிப் போனவன்தான். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் தீனாதான் வந்து சொன்னான், எளாவூர் செக்போஸ்டில் பையன் ஆந்திரா பஸ் ஏறினான், கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை என்று.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இந்த வீடு இத்தனை மாதம் மூச்சு விட்டது. அம்மா இருசம்மாள் மகனின் படத்துக்கு மாலை போட விடவில்லை. எவனாவது "இன்னும் தகவல் இல்லியா?" என்று இழுத்துக்கொண்டு வந்தால் விளக்குமாற்றைத் தேடுவாள். விக்கி பாடி வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு பாட்டு இந்தக் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதைச் சீர்செய்து ஊரெல்லாம் கேட்கும்படி போனில் ஏற்றிவிட்டால், ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் ஏதாவது டீக்கடையில் அவன் காதிலும் விழும், ரோஷத்தை விட்டுவிட்டு வந்துவிடுவான். பூவிழிக்கு வேண்டியது அவ்வளவுதான், தம்பி வர வேண்டும்.

பழவேற்காட்டில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து அவளுக்குக் கம்ப்யூட்டர் கை வந்திருந்தது. காதுதான் போதவில்லை. வீட்டு ஸ்பீக்கரில் நன்றாக இருந்த பாட்டு போனில் போட்டால் தகரம் தட்டியதுபோல இருந்தது.

"வீட்டு ஸ்பீக்கர் கல்யாணத்துக்கு வந்த ஆளு மாதிரிக்கா, எல்லாமே சூப்பர்னு சொல்லும். ஸ்டுடியோ மானிட்டர்ங்கற இந்தப் பொட்டி அப்படி இல்ல. இருக்கறத மட்டும்தான் சொல்லும்" என்று சொல்லித்தான் ஹரிஷ் இரண்டு ஜோடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

அறை விக்கியுடையது. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஜன்னலில் கனத்த போர்வை, எதிர் மூலைகள் இரண்டிலும் ஆள் உயரத்துக்கு வலை அடைத்த கோணி மூட்டைகள். மூலையில் முட்டும் சத்தம் அடங்க வேண்டும் என்று பூவிழி கேட்டபோது தீனாதான், கிழிந்த வலை கிடக்கிறது என்று தானே அடைத்து, தானே வாயைத் தைத்து நிறுத்தினான். பாட்டு வேலைக்கு அந்த மனுஷன் கை கொடுத்தது அது ஒன்றுக்குத்தான். பூவிழிக்கு அன்று அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

ஹரிஷ் எட்டு இஞ்சு ஜோடியை மாட்டினான். இந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் காற்று போகிற துவாரம் இருப்பதால் சுவரை விட்டுத் தள்ளி வைத்தான். பூவிழி நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைத் தட்டிவிட்டாள்.

விக்கி மூச்சை இழுத்தான். உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. நாக்கில் ஒட்டியிருந்த எச்சில், அவன் வழக்கமாக மெல்லுகிற சோம்பு, சட்டைக் காலர் கழுத்தில் உரசியது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பூவிழிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பாட்டு முடிந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு படுத்துவிட்டது.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஹரிஷ், கேக்குதா?"

கதவருகில் நின்றிருந்த ஹரிஷ் உதட்டைப் பிதுக்கினான். "பாட்டு முடிஞ்சிடுச்சேக்கா."

"இங்க வந்து ஒக்காரு."

அவன் உட்கார்ந்தான். முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தான். அப்புறம் திரையைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான், நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தான், அங்கிருந்து கண்ணை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விருட்டென்று எழுந்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா. நான் கெளம்பறேன். ரெண்டு ஜோடியும் இருக்கட்டும்."

"எத வெச்சிக்கட்டும்னு சொல்லாமலே போறியே?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான். "சின்னத வெச்சிக்கோ. பெருசு வேணாம். அதுல ரொம்பத் தெரியுது."

பைத்தியக்காரன், என் தம்பி மூச்சைக் கேட்டா பயப்படுகிறான் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா சுண்ணாம்புக்குளத்தில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தாள். கடல் சரியில்லை என்று தொழிலுக்குப் போகாத தீனா, கரையில் சீட்டாடப் போயிருந்தான். மேலக் காற்று மாறி வாடைக்காற்று அடிக்க, கருவாட்டு வாசனையும் ஏரிச் சேற்று வாசனையும் கலந்து வீட்டுக்குள் ஏறின. சாயங்காலம் அதற்குள் மங்கிவிட்டது. பூவிழி கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பாட்டைத் தட்டவே இல்லை. மூச்சு இருந்தது.

சரி, கம்பியில் ஏதோ கோளாறு. இடது பெட்டியை அணைத்தாள். ஒரு பெட்டி மட்டும் வேலை செய்தால் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும், வலது பக்கமாக நகர வேண்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூச்சு நகரவில்லை. அதே நடு இடத்தில், அவள் முகத்துக்கு எதிரில், ஈரமாக ஏறி இறங்கியது.

வலது பெட்டியையும் அணைத்தாள். இரண்டின் பிளக்கையும் பிடுங்கினாள். பிளக்குகள் கையில் தொங்கின.

மூச்சு இருந்தது.

எழுந்து பின்னால் நகர்ந்தாள். நாற்காலியை விட்டு விலகியதும் மூச்சு மங்கியது. இடது மூலைக்குப் போகப் போக வேறு பக்கத்திலிருந்து கேட்டது. மூட்டைக்குள்ளிருந்து. கோணியில் காதை வைத்தாள். ஏரி வாசனை அடித்தது. மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும் மூட்டை கன்னத்தில் நனைந்த துணிபோலச் சில்லென்று பட்டது. கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள்.

கிழிந்த வலை இல்லை. நீல நிறப் புது வலை. ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை.

அவள் மீனவன் மகள். புது வலையை ஒருவன் எதற்காக ஒதுக்கி வைப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிணம் விழுந்த வலையை மறுபடி தண்ணீரில் போட மாட்டார்கள், வீட்டுக்குள்ளும் எடுத்து வர மாட்டார்கள். ஊருக்குச் சொல்லிவிட்டு, ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் அறுத்து விட்டுவிடுவார்கள். அறுத்து விட்டால் நாலு பேர் கேட்பார்கள், யார் கிடைத்தது என்று.

விக்கி போனதற்கு மறுநாள் விடியற்காலை, முகத்துவாரத்தில் வலை போடும் முறை தீனாவுடையது. கூட்டாளி வரவில்லை என்று தனியாகப் போனான். மீனே இல்லாமல் வந்தான். அப்புறம்தான் எளாவூர். அப்புறம்தான் பஸ்.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"இன்னாமே, வெளக்குகூடப் போடாம இன்னா பண்ற?"

தீனா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பிரிந்த மூட்டையைப் பார்த்தான். நீல வலையைப் பார்த்தான்.

பூவிழி வாயைத் திறந்தாள். அதற்குள் நடுவிலிருந்து வந்துவிட்டது.

"மாமா."

விக்கி. பாட்டு இல்லை. பேச்சு.

"தூக்கு மாமா."

தீனா பெட்டிகளைப் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். கட்டி இழுத்ததுபோல அதை நோக்கி நடந்தான். முழங்கால் மடங்கி உட்கார்ந்தான்.

"புது வலைடா விக்கி... போலீசு, கேசுன்னு... பயந்து தண்ணியிலயே வுட்டுட்டேன்டா. நீ செத்துட்டன்னுதான்டா நெனச்சேன்."

மூச்சு. ஈர மூச்சு.

"கண்ணு தெறந்துதான மாமா இருந்தேன். உன்னப் பாத்துக்கினுதான இருந்தேன்."

பூவிழி கத்தினாள். சத்தம் வரவில்லை. முட்டை அட்டைகள் குடித்துவிட்டன.

தீனா எழப் பார்த்தான். முடியவில்லை. கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் எதையோ விலக்கினான். அங்கே ஒன்றுமில்லை. விரல்கள் மாட்டிக்கொண்டன. விரலுக்கு விரல் மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் விறைத்து நின்றன. வாய் திறந்தது. மூடியது. படகில் கொட்டிய மடவை மீன்போலத் திறந்து திறந்து மூடியது. தொண்டைக்குள் குமிழி உடைகிற சத்தம்.

"அவுத்து வுடுடா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தீனாவின் இடது கன்னத்தில் ஒரு கோடு பதிந்தது. குறுக்கே இன்னொன்று. ஒரு கட்டம். பக்கத்தில் ஒரு கட்டம். நெற்றியில். மூடாத கண்ணின் மேல் இமையில். உதட்டில். எதுவோ மெதுவாக இறுக்க இறுக்க, சதை சிறுசிறு கட்டங்களாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது.

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.